மூன்றாவது பெண்ணின் கைகள்

எங்கள் குடும்பத் தொழில் இறந்தவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைத்து, உறவினர்கள் கண்ணால் பார்க்கும்படி கிடத்துவது. தாத்தா தொடங்கியது; இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இருந்ததே இல்லை. கூச்சப்பட்டவர்கள் எங்கள் வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பிறகு ஒருநாள் அவர்களும் வந்தார்கள்.

எங்கள் இறுதிச் சடங்கு நிலையத்தின் முன்பக்கம் வரவேற்பறை. நடுவில் பெரிய கூடம். கடைசியில் பின்னறை. அங்கே சாய்வான எஃகு மேசை, தண்ணீர்க் குழாய், தரையில் வடிகால், சுவரோரம் துணி அலமாரி. பின்னறைச் சாவி குடும்பத்தாரைத் தவிர வேறு யார் கைக்கும் போனதில்லை. அந்தக் கதவுக்குள் பார்த்தது கதவைத் தாண்டி வெளியே வராது. என் மனைவி இருந்த காலத்தில் அவளிடம்கூட நான் பேசியதில்லை, அவளும் கேட்டதில்லை. பெற்றவளே வந்து கேட்டாலும் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: "முகம் அமைதியா இருந்துச்சு." இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் இத்தனை வீடுகள் எங்களிடம் வந்திருக்கின்றன. எங்கள் வீட்டுக்கு வேறு சொத்து கிடையாது.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து என் மகள் சினிமாவுக்குப் பிணம் செய்யப் போனாள்.

தொடர்கொலைப் படமாம். யார் கொலைகாரன் என்று கடைசிவரை தெரியாதாம். பிணங்கள் நிஜமாக இருக்க வேண்டும் என்று அந்தத் தாடிக்கார டைரக்டர் ஊரெல்லாம் தேடிக் கடைசியில் எங்கள் வாசலுக்கு வந்தார். வேண்டாம் என்றேன். மகள் நடுவயதைத் தொட்டவள், விதவை, பின்னறையில் என்னைவிடக் கைதேர்ந்தவள். "செத்தவங்களுக்கு உயிர் இருக்கிற மாதிரி முகம் செஞ்சே பழகிட்டேன்பா. உயிரோட இருக்கிறவங்களுக்குச் சாவு முகம் செய்யறது எப்படி இருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டு வர்றேனே" என்றாள். அதற்கு மேல் தடுப்பது எனக்கு அழகில்லை.

எங்கள் அமரர் ஊர்தி ஓட்டுநருக்குக் கொக்கு என்று பேர். கழுத்து அப்படி. அவனும் ஒருநாள் படப்பிடிப்புக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"என்னையும் பிணமா நடிக்கச் சொன்னாங்க ஐயா."

"நடிச்சியா?"

"எங்க! நான் படுத்தா கால் கேமரா சட்டத்துக்கு வெளிய போகுதாம். அதோட தூங்கிட்டேன், குறட்டை விட்டுட்டேன். 'யோவ், எந்திரிச்சுப் போய்யா'ன்னுட்டாங்க. ஆனா நம்ம நிலையத்துப் பேர் திரையில வருதாம். கடைசியில எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து ஓடுமே, அதுல."

படம் வெளியாகும் முன்பு சிலரை அழைத்துப் போட்டுக் காட்டினார்கள். நானும் போனேன். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட கால்சட்டை. எங்கள் பேர் வரும் இடத்துக்குக் கசங்கிய துணியோடு போகக் கூடாது.

முதல் பாதியில் பாதி வரைக்கும் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. படத்தில் நிறை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முதல் பிணம் மூச்சு விடவில்லை. மற்ற படங்களில் பிணத்தின் கழுத்து துடிக்கும், இமை ஆடும். இங்கே உதட்டின் நிறம், காது மடலின் மெழுகுத்தன்மை, தாடை தளர்ந்து பிறகு இறுகும் விதம் எல்லாம் சரியாக இருந்தது. அடிப்பதை, குத்துவதைக் காட்டவில்லை. கதவு மூடுவதைக் காட்டினார்கள், அவ்வளவுதான். அது நாகரிகம். பின்னணி இசையையும் அளவாக வைத்திருந்தார்கள்.

இரண்டாவது பிணத்தின் கையில் வெள்ளைக் கையுறை இருந்தது.

கேமரா அந்தக் கைக்கு அருகில் போனது. வெள்ளைப் பருத்தித் துணி. மணிக்கட்டில் சிறு சிறு மடிப்பு. உள்பக்கம் சிப்பிப் பொத்தான். என் முதுகு நாற்காலியிலிருந்து தானாக நிமிர்ந்தது. அந்தத் தையல் எனக்குத் தெரியும். எங்கள் அலமாரியில் இரண்டாவது தட்டில் காகிதத்தில் சுற்றி அடுக்கியிருக்கும் தையல் அது.

இடைவேளையில் மகளை நடைக்கூடத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனேன்.

"கையுறை எங்கேயிருந்து வந்துச்சு?"

"நம்ம அலமாரியிலருந்துதான்."

"யாரு குடுத்தா?"

"நான்தான்பா குடுத்தேன்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"அந்தத் தாடிக்காரன்கிட்ட என்ன சொன்ன?"

அவள் கையிலிருந்த காகிதக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "முதல்ல நான் எதுவும் சொல்லல. ரப்பர்ல ஒரு ஜோடி கை செஞ்சு குடுங்கன்னு கேட்டாங்க. உட்கார்ந்து செஞ்சேன். முடிச்சுட்டுப் பார்த்தா, அது அந்தப் பொண்ணோட கை. அப்படியே. நான் நினைச்சுக்கூடச் செய்யலப்பா. அவர் பார்த்துட்டு, 'நகம் இப்படி எப்படி உடையும்'னு கேட்டார். யாரையாவது விடாமப் பிறாண்டினா உடையும்னு சொன்னேன். 'இப்படிக் கை இருந்தா பெத்தவங்ககிட்ட எப்படிக் காட்டுவீங்க'ன்னார். கையுறை போடுவோம்னு சொன்னேன்."

"பேரு?"

"பேரெல்லாம் சொல்லல."

"பேரு வேற எதுக்கு? தையலப் பார்த்தா தைச்சவளுக்குத் தெரியாதா?"

அதற்குள் டைரக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "ஐயா, முதல் பாதி எப்படி? நிறை குறை ரெண்டையும் ஒளிக்காம சொல்லணும்."

"முழுசா பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். இருபது வருஷத்துக்கும் மேலாகிறது. இந்த நகரத்தில் ஒருவன் பெண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொன்றான். மூன்றாவதாக இறந்தவள் ஒரு தையல்காரம்மாவின் ஒரே மகள். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் அவன் வண்டியில் அவளாகவே ஏறினாள் என்று ஒரு கடைக்காரர் போலீஸில் சொன்னார். பிறகு அவன் பிடிபட்டான். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டதால் கோர்ட்டில் டாக்டரை ஏற்றி விவரம் கேட்க வேண்டிய தேவை வரவில்லை. சிறையிலேயே நோய் வந்து செத்தான். போலீஸ்காரர்கள் அந்தத் தாயிடம் கேள்வி கேட்டார்களே ஒழிய ஒரு பதிலும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு எங்களிடம் வந்தது. மகள் அப்போதுதான் பின்னறை வேலைக்கு வந்திருந்தாள். நாங்கள் இருவருமாகக் குளிப்பாட்டினோம். முகத்தைச் சரி செய்ய முடிந்தது. கைகளைச் சரி செய்ய முடியவில்லை. நான் அலமாரியில் தேடினேன். யாரோ ஒரு கல்யாண வீட்டில் மிஞ்சியதென்று எங்களிடம் கொடுத்துப்போன வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி கிடைத்தது. போட்டுவிட்டேன்.

கூடத்தில் அந்த அம்மா மகளின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். "இது எதுக்கு?" என்றாள்.

"கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு நாங்க போடறதும்மா. மரியாதைக்கு. எங்க வீட்டு வழக்கம்."

"கஷ்டப்பட்டாளா?"

"முகம் அமைதியா இருந்துச்சும்மா. தூக்கத்துல போன மாதிரிதான்."

அன்றுவரை எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. அன்றிலிருந்து உண்டு. சொன்ன சொல்லைப் பொய்யாக்கக் கூடாது என்று அதற்குப் பிறகு வந்த கல்யாணம் ஆகாத ஒவ்வொரு பெண்ணுக்கும் வெள்ளைக் கையுறை போட்டேன். காய்ச்சலில் போனவள், விபத்தில் போனவள், இதயத்தில் ஓட்டையோடு பிறந்து பள்ளிக்கூடம் முடிக்காமல் போனவள் எல்லோருக்கும். ஒரு சொல்லுக்கு அவ்வளவு செய்யும் குடும்பம் எங்களுடையது.

வருஷம் திரும்புவதற்குள் தையல்காரம்மா ஒரு பொட்டலத்தோடு வந்தாள். தானே வெட்டித் தைத்த கையுறைகள். "கடைக் கையுறை விரல்ல தொளதொளன்னு நிக்குது அண்ணே. என் பொண்ணுக்கு அப்படித்தான் நின்னுச்சு. இனிமே போறவங்களுக்காவது அளவா இருக்கட்டும்" என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள்தான் தைத்துக் கொடுக்கிறாள். கூலி பேசினால் கோபம் வரும். என்னை அண்ணே என்பாள்; என் மகளுக்கு அத்தை ஆனாள். அவள் தைத்த கையுறையைத்தான் திரையில் ஒரு கொலைகாரன் தான் கொன்ற பெண்களுக்கு மாட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் பாதியின் குறைகளை நான் விளக்க வேண்டியதில்லை. பார்த்த எவரும் சொல்வார்கள். கொலைகாரன் பிடிபட்டதும் சங்கிலியில் தொங்கிக்கொண்டே தன் சின்ன வயசுக் கதையைப் பேசிப் பேசி ஓய்கிறான். அவன் அப்பன் அடித்தானாம், அம்மா ஓடிப்போனாளாம். எங்கள் மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அப்பனிடம் அடி வாங்கியவர்கள்தான். அவர்கள் யாரையும் கொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் தூங்குவதே இல்லை, சவரம் செய்வதும் இல்லை. அவருக்கு மட்டும் எல்லா இடத்திலும் மழை பெய்கிறது. பாதிக் கதையில் காணாமல் போன ஒரு சாட்சியைக் கடைசிவரை யாரும் தேடவில்லை.

இதெல்லாம் சின்னக் குறை. பெரிய குறை வேறு. படம் முழுக்கப் பிணங்களைக் கண்டுபிடிக்கிறார்கள், ஒன்றைக்கூட யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் பார்த்து முடித்ததும் அந்தப் பெண் தீர்ந்துபோகிறாள். குளிப்பாட்ட ஆள் இல்லை, துணி மாற்ற ஆள் இல்லை, கேட்டு அழ ஆள் இல்லை. கொலைகாரனுக்குப் பேர் உண்டு, செல்லப்பேர்கூட உண்டு. இறந்தவர்கள் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது.

அந்த மூன்றாவதில்தான் முடிச்சு அவிழ்கிறது. இன்ஸ்பெக்டர் மேசையருகே நின்று அவள் கையுறையைக் கழற்றுகிறார். உள்ளே என் மகள் செய்த கை. உடைந்த நகங்கள், கிழிந்த விரல் நுனி. நகத்துக்கு அடியில் இருந்த தோலை வைத்துத்தான் கொலைகாரனைப் பிடிக்கிறார்கள். அதாவது செத்துப்போன பெண்ணே அவனைப் பிடித்துக் கொடுக்கிறாள். அரங்கில் கை தட்டினார்கள். எனக்கு அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் டைரக்டரிடம் குறைகளையெல்லாம் சொன்னேன். பவ்யமாகக் கேட்டுக்கொண்டார்.

"நிறைன்னு ஏதாவது ஐயா?"

"அந்தக் கையுறைய எடுத்துடுங்க."

"ஐயா, அதை எடுத்துட்டா படத்துல என்ன இருக்கு?"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கையை நீட்டினேன்.

"சாவியக் குடு."

"அப்பா..."

"பின்னறைச் சாவி வாய மூடி இருக்கிறவங்க கையிலதான் இருக்கணும்."

சாவியை வளையத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள். என் கையில் தரவில்லை. "எல்லார் முகமும் அமைதியா இருந்துச்சுன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கோணிப்போச்சுப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

படம் ஓடியது. என் துரதிர்ஷ்டம், நன்றாக ஓடியது. கறுப்புப் பின்னணியில் ஒற்றை வெள்ளைக் கையுறை போட்ட சுவரொட்டி. பேருந்தின் முதுகில், பாலத்துத் தூணில், எங்கள் நிலையத்துக்கு எதிர்ச் சுவரில். நிறை குறை எழுதிய பத்திரிகைகள் எல்லாம் நிறைப் பக்கத்தில் முதலாவதாகக் கையுறையைத்தான் எழுதின. "அசலான கற்பனை" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

பிறகு தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது.

முதலில் ஒரு தகப்பனார். "எங்க பொண்ணுக்கும் கையுறை போட்டுத்தானே குடுத்தீங்க?"

"ஆமாங்க."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லீங்க. காய்ச்சல்ல போன பிள்ளை. கை பூ மாதிரி இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு மூடணும்?"

"அது எங்க வீட்டு வழக்கம்."

"எந்த வழக்கம்? நாலு நிலையத்துல விசாரிச்சுட்டேன். யாரும் கேள்விப்பட்டதே இல்லைங்கறாங்க. பெத்தவன் கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க."

உண்மையைத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு தாய், ஓர் அண்ணன், ஒரு சித்தி. எல்லோருடைய பிள்ளைகளின் கையும் சுத்தமாக இருந்தது. அத்தனை பேரிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ஒரே ஒருத்தியிடம் மாற்றிச் சொன்னதுதான் இத்தனை காலம் கல்லில் எழுதின மாதிரி நின்றது. சித்தி என்றவள் கடைசியில், "உங்க வீட்டுக்குன்னு ஒரு பேர் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என் வயதில் இதைத் தொலைபேசியில் கேட்டேன்.

தையல்காரம்மா மட்டும் பேசவில்லை. அவளுக்குச் சினிமாவுக்குப் போகும் பழக்கம் இல்லை; தெரியாமலே போய்விடும் என்று ஒரு நப்பாசை. மாதாமாதம் அவள் பொட்டலம் கொண்டுவரும் நாள் வந்தது. நான் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். மகள் பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். சாவியைப் பிடுங்கின பிறகு அவளுக்கு வரவேற்பறை வேலைதான்.

எப்போதும் வரும் நேரத்துக்கு வந்தாள். எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். எப்போதும் மேசைமேல்தான் வைப்பாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா அத்தை?" என்றாள் மகள்.

"வேணாம்மா. படம் பார்த்தேன்."

மகளின் கையிலிருந்த பூச்சாடி அப்படியே நின்றது.

"தையல் கிளாஸுக்கு வர்ற பொண்ணுங்க இழுத்துட்டுப் போச்சுங்க. 'டீச்சர், உங்க கையுறை மாதிரியே இருக்கு'ன்னு. மாதிரி என்ன மாதிரி! என் தையல் எனக்குத் தெரியாதா?" என்னைப் பார்த்தாள். "நீங்க பார்த்தீங்களா அண்ணே?"

"பார்த்தேன்."

"எப்படி இருக்கு?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நானும் சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தேன். "குறை நிறைய இருக்கும்மா. கொலைகாரன் பேசியே கொல்றான். இன்ஸ்பெக்டர் வேஷம் ஒட்டல. மழை ரொம்ப ஜாஸ்தி. செத்தவங்களுக்கு ஒரு பேர்கூட வைக்கல."

"ஆமா. அது எனக்கும் கஷ்டமா இருந்துச்சு. மூணாவதாம், மூணாவது." பொட்டலத்தின் முடிச்சைத் தடவினாள். "நிறை?"

நான் மேசைமேலிருந்த பதிவேட்டை நேராக வைத்தேன்.

"நிறைன்னு ஒண்ணுகூடவா இல்ல?"

"சினிமா அது. கட்டுக்கதை."

"கட்டுக்கதைன்னு எனக்கும் தெரியும் அண்ணே. நான் உங்க பின்னறையப் பத்திக் கேக்கல. அந்தக் கதவுக்குள்ள பார்த்தத நீங்க சொல்ல மாட்டீங்கன்னு இத்தனை வருஷமா தெரியும். அதுக்காக உங்க மேல மதிப்புதான். நான் படத்தப் பத்தித்தான் கேக்கறேன். எதை ஒழுங்கா எடுத்திருக்காங்க?"

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லியிருக்கலாம். அவள் வாய்க்குப் பூட்டு இல்லை என்பதை ஊரே பார்த்துவிட்டது. ஆனால் அவள் சொல்லவில்லை. எனக்காகக் காத்திருந்தாள். அந்த மரியாதை அவளிடம் மிச்சமிருந்தது என் வளர்ப்பு.

என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அந்த வாசகத்தை மாற்றியதில்லை. முகம் அமைதியாக இருந்தது. அதை மறுபடி சொல்ல வாயைத் திறந்தேன்.

"அந்தக் கைய மட்டும் சரியா எடுத்திருக்காங்க" என்றேன்.

"எந்தக் கை? வலதா, இடதா?"

"ரெண்டும்."

அவள் அழவில்லை. ஏதோ நெடுநாள் தூக்கிய சுமையை இறக்குகிறவள் மாதிரித் தோளை ஒருமுறை ஏற்றி இறக்கினாள். அவளுக்கு ஆறுதலாகத்தான் இருக்கும் போல என்று நான் நினைத்துவிட்டேன்.

"அவளாத்தான் ஏறிப் போனான்னு அந்தக் கடைக்காரன் சொன்னானே, ஞாபகம் இருக்கா?" என்றாள். "சிரிச்சுக்கிட்டே ஏறினாளாம். தெரு முழுக்க அதையே பேசினாங்க. 'சத்தம்கூடப் போடலையாம், அவனுக்கும் இவளுக்கும் என்ன பழக்கமோ'ன்னாங்க. இல்லன்னு சொல்ல என்கிட்ட என்ன இருந்துச்சு? உங்க வார்த்தை ஒண்ணுதான் இருந்துச்சு. தூக்கத்துல போன மாதிரி. அமைதியா. அதை எனக்கு ஆறுதல்னு சொன்னீங்க. அதைத்தான் என் பொண்ணோட அப்பாவும் கேட்டுக்கிட்டார். 'ஒரு கீறல்கூட இல்லாமப் போயிருக்கா, அப்போ அவங்க சொல்றது நெஜந்தானே'ன்னு கேட்டார். அவ போட்டோவச் சுவர்ப் பக்கமா திருப்பி வச்சவர், சாகறவரைக்கும் திருப்பல."

"இது எனக்குத் தெரியாதும்மா" என்றேன். உண்மை. எங்கள் வாசலுக்கு வரும் துக்கம்தான் எங்களுக்குத் தெரியும். அது திரும்பிப் போகும் தெருவில் என்ன படும் என்பது எங்கள் வேலை இல்லை என்று இருந்துவிட்டோம்.

"கேட்டீங்களா?"

"உன் மனசு தாங்காதுன்னுதான்..."

"எது தாங்காது? என் பொண்ணு விடாம அடிச்சா, பிறாண்டினா, நகம் உடையறவரைக்கும் போராடினான்னு கேட்டாலா? அதைக் கேட்டிருந்தா நான் அந்தத் தெருவுல தலையத் தூக்கி நடந்திருப்பேனே அண்ணே." குரல் ஏறவில்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. "நீங்க என்கிட்ட பொய் சொன்னதுகூட எனக்குப் பெரிசா தெரியல. அந்த நேரத்துல யாரா இருந்தாலும் சொல்லுவாங்க. ஆனா அந்தப் பொய்ய மூட என்னையே துணி தைக்க வச்சீங்களே! கண்ணு மங்கின பிறகும் பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டுத் தைச்சேன். என் பொண்ணுக்குச் செய்யறதா நினைச்சேன். உங்க வீட்டு வார்த்தைக்குல்ல தைச்சிருக்கேன்."

"அத்தை" என்று மகள் அருகில் வந்தாள்.

"நீ விடும்மா. நீ செஞ்ச கையத் தொட்டுப் பார்க்கணும்னு இருந்துச்சு எனக்கு. திரையில எப்படித் தொடறது?" மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மடியிலிருந்த பொட்டலத்தை என் முன்னால் மேசைமேல் வைத்தாள். "இது இந்த மாசத்துது. தைச்சுட்டேன், திருப்பிக் கொண்டுபோக மனசு இல்ல."

"இதை நான் என்னம்மா பண்றது?"

"நீங்களே போட்டுக்குங்க" என்றாள்.

துக்கத்தில் இருப்பவர் எது சொன்னாலும் எதிர்ப்பேச்சுப் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டு முறை. நான் எழுந்து நின்றேன். அவள் படியிறங்கிப் போகும்வரை நின்றேன். மகள் அவளோடு தெருமுனை வரை போனாள். வெகுநேரம் திரும்பி வரவில்லை. பின்னறைச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அன்றைக்கு அது கனமாக இருந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சாவி அளவுக்குத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். மூளையில் நோய். பெற்றவர்கள் படித்தவர்கள், நிதானமாகப் பேசினார்கள்.

"உங்க இடத்துல கையுறை போடுவீங்களாமே" என்றார் தகப்பனார்.

"ஆமாங்க. எங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"எங்களுக்கு வேணாம். கை திறந்தே இருக்கட்டும். நாலு பேர் நாலு விதமாப் பேசக் கூடாது பாருங்க."

மேசையில் தனியாகச் செய்ய என் முதுகு இடம் கொடுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டேன். சாவியை அவள் கையில் கொடுக்கவில்லை. கதவை நானே திறந்துவிட்டேன். அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இருவருமாகக் குளிப்பாட்டினோம், உடுத்தினோம். அந்தப் பெண்ணின் கைகள் நீளமான, அழகான கைகள். ஆள்காட்டி விரலில் பேனா பிடித்த இடம் மட்டும் தடித்திருந்தது. மகள் நகங்களைத் துடைத்து நெஞ்சின்மேல் கோத்து வைத்தாள். அலமாரியின் இரண்டாவது தட்டை இருவரும் பார்க்கவில்லை.

கூடத்தில் கிடத்தினோம். நான் வழக்கம்போலத் தலைமாட்டில் நிமிர்ந்து நின்றேன். சனங்கள் வரிசையாக வந்தார்கள். சித்தப்பா, மாமன் வீட்டார், கூடப் படித்த பிள்ளைகள், தெருக்காரர்கள். இத்தனை வருஷமாக அந்த இடத்தில் நின்று பார்த்தவன் நான். வருகிறவர்கள் எல்லோருடைய கண்ணும் முதலில் முகத்துக்குத்தான் போகும். அதற்காகத்தான் அவ்வளவு பாடுபடுகிறோம்.

அன்றைக்கு ஒருவர் விடாமல் முதலில் குனிந்து அவள் கைகளைப் பார்த்தார்கள். விரல் விரலாகப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு முகத்தைப் பார்த்தார்கள். சிலர் அதைக்கூடப் பார்க்காமல், ஏமாந்த மாதிரி நகர்ந்தார்கள்.

பெற்றவள் என்னிடம் வந்தாள். "கஷ்டப்பட்டாளா ஐயா?" என்று கேட்டாள்.

உண்மையிலேயே அந்தப் பெண்ணின் முகம் அமைதியாகத்தான் இருந்தது. சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி என் மகளிடம் போய் அதையே கேட்டாள்.